ரீஃப் டேங்க்: எண்ணைத் துரத்தாதே, ஆட்டத்தைக் குறை!

"அக்கா, டெஸ்ட் கிட்ல எல்லாம் கரெக்டாத்தான் காட்டுது. ஆனா ஹேமர் கோரல் விரியவே மாட்டேங்குது!"

வீட்டில் பவளத் தொட்டி வைத்திருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பதில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "இன்னிக்குச் சரி. போன வாரம் எவ்வளவு இருந்துச்சு? அதுக்கு முந்தின வாரம்?" பெரும்பாலும் பதில் வராது.

செங்கடலின் வடக்குப் பகுதியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 40 கிராம் உப்பு. மற்ற கடல்களில் பொதுவாக 35 கிராம். இரண்டு இடத்திலும் பவளம் செழிப்பாகத்தான் வளர்கிறது, ஏனென்றால் இரண்டு இடத்திலும் அந்த அளவு லேசில் அசைவதில்லை. நம் தொட்டியிலோ திங்கட்கிழமை 35 இருந்தது, வியாழக்கிழமை 37 ஆகிறது. அன்று ராத்திரியே ஒரு வாளி தண்ணீரை ஊற்றி 34-க்கு இறக்கிவிடுகிறோம். நீ டெஸ்ட் எடுத்த நேரத்தில் அது 35-ஐக் கடந்து போயிருக்கலாம். பவளம் முழு வாரத்தையும் அனுபவித்திருக்கும்.

ஸ்திரமான தொட்டி என்றால் எதுவுமே மாறாத தொட்டி என்று நினைக்காதே. தண்ணீர் ஆவியாகும், பவளம் சுண்ணாம்பை இழுக்கும், மீன் தின்று கழிக்கும். போனதைப் போன வேகத்திலேயே திருப்பிக் கொடுப்பதுதான் நம் வேலை. நான் சிங்கப்பூரில் எச்டிபி வீட்டில் தொட்டி வைத்திருப்பவள். அதனால் இந்த ஊர் சூட்டையும் குழாய்த் தண்ணீரையும் வைத்தே சொல்கிறேன். கணக்கு எல்லாவற்றுக்கும் 150 லிட்டர் தொட்டியை எடுத்துக்கொள்கிறேன்.

1. உப்பு: ஆவியாவது தண்ணீர் மட்டும்தான்

அடுப்பில் வற்றுகிற குழம்பு கரிக்கும் இல்லையா? தொட்டியிலும் அதுதான் நடக்கிறது. தண்ணீர் போகும், உப்பு நிற்கும். அதனால் குறைந்த தண்ணீருக்கு ஈடாக ஊற்ற வேண்டியது உப்பில்லாத நல்ல தண்ணீர். இந்த இடத்தில் உப்புத் தண்ணீரை ஊற்றாதே.

150 லிட்டர் தொட்டியில் தினமும் 3 லிட்டர் ஆவியாகிறது என்று வை. 3 நாள் கவனிக்காமல் விட்டால் 35 என்பது 37-ஐத் தாண்டிவிடும். சம்ப் (கீழே வைக்கும் துணைத் தொட்டி) இருந்தால், மேல் தொட்டியைப் பார்த்து எதுவுமே தெரியாது. ரிட்டர்ன் பம்ப் இருக்கும் அறையில்தான் மட்டம் இறங்கும். அந்தக் கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, காலையும் மாலையும் அந்தக் கோடு வரை ஊற்று. முடிந்தால் ஆட்டோ டாப்-ஆஃப் மாட்டிவிடு. நான் எந்த விலையுயர்ந்த விளக்குக்கும் முன்னால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

ரிஃப்ராக்டோமீட்டரைப் பூஜ்யத்தில் மட்டும் சரிபார்த்தால் போதாது. 35 என்று குறித்த அளவுத் திரவம் கடையில் கிடைக்கும். மாதம் ஒரு முறை அதில் 2 சொட்டு விட்டுப் பார். கருவியே பொய் சொன்னால் நீ எடுக்கிற குறிப்பு முழுக்க வீண்.

2. குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றாதே

சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீர் நாம் குடிக்க அருமையான தண்ணீர். ஆனால் கிருமி நீக்க அதில் குளோரமின் சேர்க்கிறார்கள். சாதாரணக் குளோரின் மாதிரி ஒரு ராத்திரி வாளியில் பிடித்துவைத்தால் போய்விடாது. உடைக்கும்போது அம்மோனியாவையும் விட்டுவிட்டுப் போகும். ஆர்ஓ டிஐ ஃபில்டர் போட்ட தண்ணீர்தான் பாதுகாப்பு. டிடிஎஸ் மீட்டரில் 0 காட்ட வேண்டும். 1, 2 என்று ஏற ஆரம்பித்தால் டிஐ ரெசினை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

தண்ணீர் மாற்றும்போதும் ஒரு பொறி உண்டு. ஒவ்வொரு கம்பெனி உப்பும் ஒவ்வொரு ஆல்கலினிட்டியில் கரையும். சிலது 8 டிகேஎச் (ஆல்கலினிட்டியை அளக்கும் அலகு), சிலது 12 வரை. உன் தொட்டி 7.5-ல் இருக்க, 12 உள்ள புது உப்புத் தண்ணீரால் 30 சதவீதம் மாற்றினால், ஒரே மணி நேரத்தில் 8.8-ஐத் தாண்டும். "சுத்தம் பண்ணின மறுநாள்தான் பவளம் சுருங்குது" என்பவர்கள் பல பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள். தொட்டி எந்த அளவில் நிற்க வேண்டும் என்று நினைக்கிறாயோ, ஏறக்குறைய அந்த அளவில் கரையும் உப்பை வாங்கு. வாரம் 10 சதவீதம் போதும். முதல் நாளே பம்ப் போட்டுக் கலக்கி, உப்பும் சூடும் தொட்டியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு ஊற்று.

3. சூடு: 26 என்றால் 26

கடலில் வருடத்தின் மிகச் சூடான மாதத்துச் சராசரியைவிட 1 டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தாலே பவளம் வெளுக்க ஆரம்பித்துவிடும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் சிங்கப்பூர்க் கடலிலேயே இது நடந்தது. அவ்வளவு பெரிய கடலுக்கே 1 டிகிரி அந்தப் பாடு என்றால், பகலில் 30, ராத்திரி ஏர்கானில் 25 என்று ஆடும் 150 லிட்டர் என்ன செய்யும்?

25-லிருந்து 27-க்குள் ஒரு அளவை எடுத்துக்கொள். ஒரு நாளைக்குள் 1 டிகிரிக்கு மேல் ஆடவிடாதே. சின்ன ஃபேன் வைத்தால் 2 டிகிரி இறங்கும், ஆனால் ஆவியாவது கூடும். ஆட்டோ டாப்-ஆஃப் இல்லாமல் ஃபேன் வைத்தால் சூட்டைப் பிடித்து உப்பை விட்டதாக ஆகும். மழை நாளில் காற்றே ஈரமாக இருப்பதால் ஃபேன் சரியாக வேலை செய்யாது. எஸ்பிஎஸ் (அக்ரோபோரா மாதிரி சின்ன பாலிப் கல் பவளம்) ஆசை இருந்தால் சில்லருக்குப் பணம் சேர்த்துவிடு. சில்லரை அலமாரிக்குள் பூட்டிவைக்காதே. அது வெளியே தள்ளுகிற சூட்டையே மறுபடி இழுத்து, நாள் முழுக்க ஓடியும் தண்ணீர் குளிராது.

4. ஆல்கலினிட்டி: எல்லாவற்றுக்கும் முன்னால் அசைவது

ஒரே ஒரு டெஸ்ட் கிட்தான் வாங்க முடியும் என்றால் ஆல்கலினிட்டிக்கு வாங்கு. காரணம் சொல்கிறேன்.

பவளத்தின் எலும்பு கால்சியம் கார்பனேட். அதைக் கட்டக் கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் சேர்த்தே இழுக்கும். 20 பிபிஎம் கால்சியம் குறைந்தால் கூடவே 2.8 டிகேஎச் ஆல்கலினிட்டியும் குறையும். கடல் தண்ணீரில் கால்சியம் 410-லிருந்து 420 பிபிஎம் இருப்பதால், அதில் 20 போவது தெரியவே தெரியாது. பாதி டெஸ்ட் கிட்களின் பிழையே அவ்வளவு இருக்கும். ஆனால் 8 டிகேஎச்-ல் 2.8 போனால் மூன்றில் ஒரு பங்கு காலி. கால்சியம் "நல்லா இருக்கு" என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே ஆல்கலினிட்டி சரிந்துகொண்டிருக்கும்.

டெஸ்ட் எடுக்கும்போது நிதானம் வேண்டும். குழலில் தண்ணீர் எடு, கண்ணுக்கு நேராக வைத்து அளவைப் பார். சொட்டு விட்டு ஒவ்வொரு முறையும் சுழற்று. நிறம் முதலில் மேலே மட்டும் மாறி, சுழற்றியதும் மறைந்துவிடும். அப்போது நிறுத்திவிடாதே. சுழற்றிய பிறகும் நிற்கிற நிறம்தான் கணக்கு. சிரிஞ்சில் எந்த விளிம்பை வைத்துப் படிக்கிறாயோ, எப்போதும் அதே விளிம்பில் படி. எப்போதும் ஒரே நேரத்தில் எடு. விளக்கு எரியும்போது பவளம் வேகமாக இழுக்கும் என்பதால் காலை எண்ணும் ராத்திரி எண்ணும் ஒன்றாக இருக்காது.

இப்போது கணக்கு. எதையும் சேர்க்காமல், தண்ணீரும் மாற்றாமல், திங்கட்கிழமை இரவு 8.2, வியாழக்கிழமை இரவு 7.3 என்று வை. 3 நாளில் 0.9. அதாவது உன் தொட்டியின் அன்றாடச் செலவு 0.3 டிகேஎச். இந்த எண்தான் உனக்கு வேண்டியது. 100 லிட்டரில் 1 டிகேஎச் ஏற்றச் சுத்தமான சோடியம் பைகார்பனேட் சுமார் 3 கிராம் வேண்டும். 150 லிட்டருக்கு 0.3 ஏற்ற 1.35 கிராம். தினமும் அவ்வளவுதான். மளிகைக் கடைச் சமையல் சோடாவே சோடியம் பைகார்பனேட்தான். பாக்கெட்டில் வேறு எதுவும் சேர்த்திருக்கக் கூடாது. பேக்கிங் பவுடரை எடுத்துவிடாதே, அதில் அமில உப்பும் மாவும் கலந்திருக்கும். ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, ஓட்டம் பலமாக இருக்கும் இடத்தில் மெதுவாக ஊற்று. 150 லிட்டர் என்பது கண்ணாடியின் அளவு அல்ல, கல்லும் மணலும் போக மிஞ்சும் தண்ணீரின் அளவு என்பதையும் நினைவில் வை.

இன்னும் சில விதிகள்:

- கால்சியத்துக்குக் கால்சியம் குளோரைடு கரைசல். அதையும் சோடாக் கரைசலையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் ஊற்றாதே. வெள்ளையாகத் திரிந்து வீணாகும். சில மணி நேரம் இடைவெளி விடு.
- ஆல்கலினிட்டி குறைந்துபோயிருந்தால் ஒரே நாளில் பழைய அளவுக்கு ஏற்றாதே. நாளுக்கு அரை டிகேஎச் போதும். 1 டிகேஎச்-ஐ ஒருபோதும் தாண்டாதே.
- 7.5 வேண்டுமா 9 வேண்டுமா என்பது உன் இஷ்டம். எடுத்த எண்ணிலிருந்து மேலும் கீழும் கால் டிகேஎச்-க்குள் நிற்க வேண்டும் என்பது பவளத்தின் இஷ்டம்.
- நைட்ரேட், பாஸ்பேட் மிகக் குறைவாக இருக்கும் தொட்டியில் ஆல்கலினிட்டியை 10, 11 என்று ஏற்றினால் அக்ரோபோராவின் நுனி வெள்ளையாகக் கருகும்.
- பவளம் வளர வளரச் செலவும் கூடும். வாரம் 2 முறை டெஸ்ட் எடுத்து அளவைத் திருத்து.
- அதே அளவு ஊற்றியும் எண் ஏறிக்கொண்டே போகிறதா? பவளம் வளர்வதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். ஊற்றுவதை நிறுத்திவிட்டு உப்பு, சூடு, விளக்கு மூன்றையும் பார். கண்ணுக்குப் பவளத்தின் வாட்டம் தெரிவதற்கு முன்பே இந்த எண் சொல்லிவிடும்.
- எவ்வளவு ஊற்றினாலும் கால்சியமும் ஆல்கலினிட்டியும் நிற்கவில்லை என்றால் மெக்னீசியத்தைப் பார். 1280-லிருந்து 1350 பிபிஎம் இருக்க வேண்டும். அது குறைந்தால் மற்ற இரண்டும் தாமாகவே சேர்ந்து படிந்துவிடும்.

கையால் ஊற்றுவது சலித்துப்போனால் டோசிங் பம்ப் வாங்கு. ஒரு நாள் அளவை 10 பங்காகப் பிரித்துக் கொடுக்கும். ஆனால் உன் தொட்டியின் செலவு என்ன என்று தெரியாமல் பம்ப் வாங்கிப் பயனில்லை.

5. பிஎச்சைத் துரத்தாதே

பகலில் பாசி கரியமில வாயுவை இழுப்பதால் பிஎச் ஏறும், ராத்திரி இறங்கும். 7.8-லிருந்து 8.4-க்குள் ஆடினால் விட்டுவிடு. ஏர்கான் போட்டு, கதவு ஜன்னல் எல்லாம் அடைத்து, நாலு பேர் தூங்கும் அறையில் தொட்டி இருந்தால் காலையில் பிஎச் குறைவாகத்தான் காட்டும். அது நம் மூச்சுக் காற்றின் வேலை. ஜன்னலைத் திறந்தாலே ஏறும். அதற்காக "பிஎச் அப்" பாட்டிலை ஊற்றினால், பிஎச் ஒரு மணி நேரத்துக்கு ஏறி இறங்கும், ஆல்கலினிட்டி மட்டும் நிரந்தரமாக எகிறிவிடும்.

6. நைட்ரேட், பாஸ்பேட் பூஜ்யம் வேண்டாம்

சுத்தம் என்றால் பூஜ்யம் என்று நினைக்காதே. பவளத்துக்கும் அதற்குள் வாழும் பாசிக்கும் கொஞ்சம் உணவு வேண்டும். நைட்ரேட் 2-லிருந்து 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03-லிருந்து 0.1 பிபிஎம் இருந்தால் நிம்மதியாக இரு. இரண்டும் பூஜ்யத்தில் கிடக்கும் தொட்டியில்தான் டைனோ என்கிற பழுப்புச் சளி நுரையோடு படர்ந்து உயிரை வாங்கும்.

பாஸ்பேட் ஏறியிருந்தால் இறக்கலாம், மெதுவாக. பாஸ்பேட் உறிஞ்சும் குருணையைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கு மட்டும் போட்டு ஆரம்பி. 0.3-லிருந்து ஒரே ராத்திரியில் 0.02-க்கு இறக்கினால், அதிகமாக இருந்தபோது நன்றாக இருந்த பவளம் இப்போது வெளுக்கும்.

7. புதுத் தொட்டிக்கு மருந்து பொறுமைதான்

அம்மோனியா நைட்ரைட் ஆகி, நைட்ரைட் நைட்ரேட் ஆகும் சுழற்சிக்குச் சாதாரணமாக 4-லிருந்து 6 வாரம். முதல் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் மீன் விடலாம். ஆனால் தொட்டி முதிர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பழுப்புத் தூசு வரும், பிறகு பச்சை முடிப்பாசி வரும், அப்புறம்தான் கல்லில் ஊதா நிறப் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டில் மருந்து வாங்கிக் கொட்டினால் இந்த வரிசை முடியவே முடியாது. நத்தை விடு, பாசியைக் கையால் பிடுங்கு, உணவைக் குறை.

இந்தக் காலத்தில் மஷ்ரூம், ஜோவான்தஸ், லெதர் போன்ற சாஃப்ட் கோரல் போதும். ஹேமர், டார்ச் அடுத்து. அக்ரோபோராவை முதல் வருடம் கடையில் பார்த்து ரசி.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். விளக்கின் சதவீதம், புது உப்பு, புது உணவு, வேவ்மேக்கரின் திசை என்று நாலையும் ஒரே வாரத்தில் மாற்றினால், பவளம் சுருங்கும்போது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. மாற்றிவிட்டு 2 வாரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்.

8. எது கெட்டாலும் தாங்குகிற மாதிரி அமைத்துவிடு

மிஷின் என்றால் ஒருநாள் கெடும். கெடும்போது எவ்வளவு சேதம் ஆகும் என்பதை இன்றே தீர்மானித்துவிடலாம்.

ஆட்டோ டாப்-ஆஃப் சென்சார் சிக்கிக்கொண்டு பம்ப் நிற்காமல் ஓடுகிறது என்று வை. நல்ல தண்ணீர் டப்பா 10 லிட்டர் என்றால், முழுவதும் கொட்டினாலும் 35 என்பது 33-க்குக் கொஞ்சம் கீழே இறங்கும். மீனும் பவளமும் பெரும்பாலும் தப்பிக்கும். அடிக்கடி நிரப்பச் சோம்பல்பட்டு 40 லிட்டர் டிரம் வைத்திருந்தால் 28-க்கும் கீழே போகும், ஹாலும் நனையும்.

ரிட்டர்ன் பம்பை நீயே ஒரு நாள் நிறுத்திப் பார். மேலிருந்து இறங்கும் தண்ணீர் முழுவதும் சம்புக்குள் அடங்குகிறதா? அடங்கவில்லை என்றால் சம்பில் மட்டத்தைக் குறை. கரண்ட் போகும் ராத்திரி அதைக் கண்டுபிடிப்பது நல்லதல்ல.

உப்புப் பூத்த பிளக்கால் மின்கசிவு பிரேக்கர் விழுந்தால், ஒரே எக்ஸ்டென்ஷனில் இருக்கும் எல்லாமே நின்றுவிடும். ஒயர் சாக்கெட்டுக்குக் கீழே தொங்கி வளைந்து ஏறும்படி மாட்டு, வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கரண்ட் நின்றால் முதலில் தீர்வது ஆக்சிஜன். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

ஊருக்குப் போகும்போது, மாத்திரை டப்பா ஒன்று வாங்கி, ஒவ்வொரு நாள் அறையிலும் அன்றைய உணவை மட்டும் போட்டுப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் கொடு. மீன் உணவு டின்னை ஒளித்துவை. கண்ணாடி பக்கம் ஓடிவருகிற க்ளவுன் மீனைப் பார்த்தால் யாருக்கும் "பாவம், இன்னும் கொஞ்சம்" என்றுதான் தோன்றும்.

9. வாரக் கணக்கு

ஒரு நோட்டு போதும், ஆப் வேண்டாம்.

- தினமும்: சூடு, சம்பில் தண்ணீர் மட்டம், பவளத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்ப்பது.
- வாரம் 2 முறை: ஆல்கலினிட்டி, அதே நேரத்தில்.
- வாரம் ஒரு முறை: உப்பு, நைட்ரேட், பாஸ்பேட், 10 சதவீதத் தண்ணீர், ஸ்கிம்மர் கப் கழுவுதல்.
- மாதம் ஒரு முறை: கால்சியம், மெக்னீசியம், ரிஃப்ராக்டோமீட்டர் சரிபார்ப்பு.
- 3 மாதத்துக்கு ஒரு முறை: பம்ப், வேவ்மேக்கர்களை வினிகரில் ஊறவைத்துச் சுத்தம் செய்தல். சுண்ணாம்பு படிந்தால் ஓட்டம் குறைந்துகொண்டே வரும். எல்லாப் பம்பையும் ஒரே நாளில் கழற்றாதே.

எதிர்பாராத எண் வந்தால் உடனே மருந்து பாட்டிலைத் தேடாதே. முதலில் இன்னொரு முறை டெஸ்ட் எடு. கிட்டின் காலாவதித் தேதியைப் பார். அப்புறம் முடிவு செய்.

10. வாங்கும்போது இரண்டு எச்சரிக்கை

கல் பவளங்கள் அனைத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்புப் பட்டியலில் உள்ளவை. நாடு விட்டு நாடு கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும். விடுமுறைக்குப் போன இடத்திலிருந்து பையில் ஒரு துண்டு கொண்டுவரலாம் என்று நினைக்காதே. இங்கே தொட்டியில் வளர்த்து வெட்டிய ஃபிராக் துண்டே நல்லது, தொட்டி வாழ்க்கைக்கு ஏற்கெனவே பழகியிருக்கும். தமிழ்நாட்டில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு: இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கல் பவளங்கள் பாதுகாக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவிலிருந்து செத்த பவளத் துண்டை எடுப்பதும் குற்றம்தான். அங்கே கல், மணல், மீன் என்று மட்டும் தொட்டி வைத்தாலும் மேலே சொன்ன உப்பு, சூடு, தண்ணீர்க் கணக்கு அப்படியே பொருந்தும்.

இரண்டாவது, பாலிதோவா, ஜோவான்தஸ் வகைகளில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் உண்டு. வெட்டும்போதும் தேய்க்கும்போதும் கையுறை, கண்ணாடி கட்டாயம். அவை ஒட்டிய கல்லைச் சமையலறையில் வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்யாதே. அந்த ஆவியை முகர்ந்து குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன.

கடைசியாக, பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது? முதலில் ஆர்ஓ டிஐ ஃபில்டர். அடுத்து ஆட்டோ டாப்-ஆஃப், ரிஃப்ராக்டோமீட்டர், ஆல்கலினிட்டி கிட். பிறகு சில்லர். விளக்கு அதற்கப்புறம். சாஃப்ட் கோரலை வைத்துக்கொண்டு, உன் நோட்டில் ஆல்கலினிட்டி தொடர்ந்து 8 வாரம் அரை டிகேஎச்-க்குள் நிற்கிறதா என்று பார். நின்றால் கடைக்குப் போய் முதல் கல் பவளத் துண்டை வாங்கிக்கொள். ஒன்றே ஒன்று!